குழந்தைகளுக்கு நாய்க்கடி, பூனைக்கடி, பாம்புக்கடி: பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டற மாதிரி எழுதணும், தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க

அவினாசி டீச்சர்

வணக்கமுங்க. எங்க பள்ளிக்கூடம் 1ல இருந்து 5ஆம் வகுப்பு வரைக்கும். வர்ற வழியில கோழிக்கடைக் கழிவு கொட்டறாங்க, அதனால எந்நேரமும் நாய்க்கூட்டம். பசங்களுக்குக் கடி விழுந்தா டீச்சர், ஆயாம்மா, சத்துணவு அமைப்பாளர் யார் பக்கத்துல இருந்தாலும் பாத்துச் செய்யற மாதிரி ஒரு தாள் ஒட்டணும். "உடனே மருத்துவரை அணுகவும்"னு போட்டா பத்தாது. எப்படிக் கழுவறது, எவ்வளவு நேரம், ஆஸ்பத்திரியில என்ன கேட்கறது, தையல் போடலாமா, ஊட்டு நாய்னா என்ன பண்றது, பசங்களே ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்கிட்டா என்ன, பாம்புன்னா என்ன. இந்த அளவுக்கு வேணுங்க.

ஈரோடு செவிலி (அவசர சிகிச்சைப் பிரிவு)

டீச்சர், தாள்ல முதல் வரி தண்ணியும் சோப்பும்தான் இருக்கணும். போன், ஆட்டோ, அப்பா அம்மாவுக்குத் தகவல் எல்லாம் ரெண்டாவது ஆள் பாக்கட்டும். முதல் ஆள் குழந்தையத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போகணும்.

குழாயத் தொறந்து, ஓடற தண்ணியில காயம் நேரா படற மாதிரி பிடிக்கணும். சோப்பு எதுவானாலும் சரி, குளிக்கற சோப்பு, துணி சோப்பு, கை கழுவற திரவம், எது கைக்கு முதல்ல கிடைக்குதோ அது. நுரை காயத்துக்குள்ள போகணும், மேலோட தடவி விடறது பிரயோசனமில்லீங்க. பல்லு பட்ட ஓட்டைன்னா ஓரத்த லேசா விரிச்சுத் தண்ணிய உள்ள விடணும். தேய்க்கக் கூடாது. பிரஷ், தேங்காநார் பக்கமே போகக் கூடாது. மொத்தம் 15 நிமிஷம். இத மனசுல எண்ணாதீங்க, செல்போன்ல அலாரம் வைங்க. அழற குழந்தையப் பிடிச்சிட்டு நிக்கறப்ப 3 நிமிஷமே 15 மாதிரி தெரியும்.

குழாய் இல்லைன்னா ரெண்டு குடம் தண்ணியும் சொம்பும். மேல இருந்து விடாம ஊத்தணும். வாளித் தண்ணிக்குள்ள கையை முக்கி வெக்கறது கழுவுனதா ஆகாது.

கண்ணுல எச்சில் தெறிச்சிருந்தா சோப்பு வேண்டாம், வெறும் தண்ணியில 15 நிமிஷம், மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமா ஓடற மாதிரி. வாய்க்குள்ள பட்டிருந்தா கொப்புளிச்சுக் கொப்புளிச்சுத் துப்பணும்.

கழுவி முடிச்சாப் பொவிடோன் அயோடின் விடலாம். முதலுதவிப் பெட்டியில பிரவுன் கலர்ல இருக்குமே, அதுதான். அப்புறம் சுத்தமான துணிய லூசாப் போட்டு மூடினாப் போதும். இறுக்கிக் கட்டக் கூடாது.

சென்னிமலை தறிக்காரர்

ஏனுங்க, 4 வயசுப் பொடுசு 15 நிமிஷம் குழாயடியில நிக்குமுங்களா? எங்க பக்கம் மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டித்தான் கூட்டிட்டுப் போறாங்க. சில ஊட்ல மொளகாப்பொடி, காப்பித்தூள் கூட. இதுல அவ்வளவு கெடுதல் என்னங்க இருக்குது?

ஈரோடு செவிலி

நிக்காதுங்க, அதனால ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் ஸ்டூல் போட்டு மடியில உக்கார வெச்சு, குழந்தை முதுகு தன் நெஞ்சுல சாயற மாதிரி அணைச்சுப் பிடிக்கணும். இன்னொருத்தர் கழுவணும். நடுவுல தேம்பி அழுதா அரை நிமிஷம் விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிங்க, மொத்தக் கணக்கு 15 வந்தாச் சரி.

சுண்ணாம்பு தோலை வேக வெச்சிரும். மொளகாப்பொடி, மண்ணெண்ணெய், காப்பித்தூள், புகையிலை எல்லாம் சதையை எரிச்சுப் புண்ணாக்கும், ஓட்டைய அடைக்கும். ஆஸ்பத்திரியில அத்தனையையும் சுரண்டி எடுத்தாத்தான் காயம் எவ்வளவு ஆழம்னே தெரியும். அந்த வலியையும் குழந்தைதான் தாங்கணும். வெறிநாய்க்கடிக் கிருமிக்கு மேல கொழுப்புறை ஒண்ணு இருக்குது. சோப்பு அந்த உறையக் கரைச்சிரும், உறை போனா கிருமி செயலிழந்துரும். மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் இந்த வேலை தெரியாதுங்க.

ரத்தம் பீச்சி அடிச்சா மட்டும் முறை மாறும். சுத்தமான துணிய மடிச்சு வெச்சு 10 நிமிஷம் கையெடுக்காம அமுத்திப் பிடிக்கணும். நின்னுச்சான்னு நடு நடுவுல தூக்கித் தூக்கிப் பாத்தா உறையறது கலைஞ்சிரும். நின்னதுக்கப்புறம் கழுவலாம். சும்மா கசியற ரத்தம்னா அது ஓடட்டும், அதோட கழுவுங்க.

திருப்பூர் குழந்தை மருத்துவர்

செவிலி சொன்னதற்கு மேலே மருத்துவமனைப் பகுதியை நான் எழுதுகிறேன்.

நாய்க்கடியை மூன்று வகையாகப் பிரிப்போம். நாயைத் தொட்டது, சோறு வைத்தது, கிழிசல் இல்லாத தோலை நக்கியது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத நகக்கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். பல் அல்லது நகம் தோலைத் துளைத்து ரத்தம் வந்தால், ஒரே ஒரு புள்ளியாக இருந்தாலும் மூன்றாம் வகை. ஏற்கனவே இருக்கும் புண்ணையோ கண், வாய், உதட்டையோ நாய் நக்கினாலும் அதே வகைதான். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு காயத்துக்குள்ளேயே போட வேண்டிய எதிர்ப்புச் சீரமும் கட்டாயம்.

பெற்றோர் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தச் சீரத்தைத்தான். "ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கையில் போடும் தடுப்பூசி வேலை செய்து, உடம்பு தானே எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் இறங்கிய கிருமியை அங்கேயே பிடித்து அழிப்பது சீரம். குழந்தைகளுக்கு இது கூடுதல் முக்கியம். நாயின் வாய் எட்டும் உயரத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. முகம், தலை, கழுத்தில் கடி விழுந்தால் நரம்பு வழியே கிருமி மூளைக்குப் போகும் தூரம் குறைவு. கை விரல்களிலும் நரம்பு முனைகள் அதிகம். நோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது.

சீரத்தின் அளவு எடையைப் பொறுத்தது. குதிரையிலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 யூனிட். 18 கிலோ குழந்தைக்கு முதலாவது 720 யூனிட், இரண்டாவது 360 யூனிட். முதலாவது மில்லிக்கு 300 யூனிட், இரண்டாவது மில்லிக்கு 150 யூனிட் என்று வருவதால் இரண்டிலும் 2.4 மில்லிதான். ஆகவே எடை மெஷினில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். "பதினஞ்சு இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால் குறையும். அளவைக் கூட்டவும் கூடாது. கூடினால் தடுப்பூசியின் வேலையையே அது அமுக்கும்.

அந்த மருந்து ஒவ்வொரு காயத்தின் உள்ளும் ஓரத்திலும் போக வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு 1.6 மில்லிதான் வரும், ஆனால் எட்டு இடத்தில் கடி இருக்கிறது என்றால் சலைன் (மருத்துவ உப்புநீர்) கலந்து இரண்டு மூன்று மடங்காக்கி எல்லாக் காயத்துக்கும் கொடுக்கலாம். ஒரு காயத்தை விட்டாலும் அந்த வழி திறந்தே இருக்கும். அதனால் குழந்தையின் உடுப்பைக் கழற்றி, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குள், பிட்டம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முடி மறைத்த கடிதான் தப்பிப் போகும். விரல் நுனி, காது மடல் போன்ற இறுகிய இடத்தில் கொள்கிற அளவு மட்டும் மெதுவாக.

குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமை தரும். போடும் இடத்தில் ஒவ்வாமை முற்றினால் போடும் அட்ரினலின் என்ற அவசர மருந்து தயாராக இருக்க வேண்டும், போட்ட பின் குறைந்தது அரை மணி நேரம் குழந்தை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தால் அதுவும் சீரத்தால் இருக்கலாம். வந்து காட்டுங்கள், ஆனால் மீதித் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள்.

முதல் நாள் சீரம் கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து 7 நாளுக்குள் போடலாம். அதற்குப் பிறகு வேண்டாம்.

பொள்ளாச்சி அவசர ஊர்தி

எந்த ஆஸ்பத்திரிங்கறதுக்கு நான் சொல்றேனுங்க. தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்குது. சீரம் எல்லா இடத்துலயும் இருக்கும்னு நம்பிப் போக முடியாது. கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள், இல்லைன்னா உங்க பக்கத்துல இருக்கற பெரிய அரசு ஆஸ்பத்திரி. அரசு மருத்துவ உதவி எண் 104க்கு அடிச்சு எங்க இருக்குதுன்னு கேட்டுட்டுப் போனா அலைச்சல் மிச்சம். சீரத்தத் தேடி அலையற நேரத்துல முதல் தடுப்பூசியத் தள்ளிப் போடாதீங்க. முதல் ஊசி பக்கத்துலயே போட்டுட்டுச் சீட்டோட கிளம்புங்க.

தலையில கடி, அதுவும் 2 வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிதான். மண்டை ஓடு மெல்லிசு, பெரிய நாயோட பல்லு அதைத் துளைக்கும். வெளிய சின்னப் பொத்தல்தான் தெரியும், உள்ள என்ன ஆச்சுன்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். கழுத்துக் கடியும் அப்படித்தான். மூச்சுல சத்தம், குரல் மாறுதல், கழுத்து வீக்கம் இருந்தா 108.

காது மடலோ விரல் நுனியோ துண்டாப் போயிருந்தா, அந்தத் துண்ட ஈரத்துணியில சுத்திப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பைய ஐஸ்கட்டி போட்ட இன்னொரு பையில வைங்க. ஐஸ் நேரா சதையில படக் கூடாது, பட்டா செத்துரும்.

சென்னிமலை தறிக்காரர்

தையல் பத்திச் சொல்லுங்க டாக்டர். மூஞ்சி கிழிஞ்சிருந்தா தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல்ல தையலப் போட்டுப்போட்டுத்தான் அடுத்த வேலை. பொம்பளப் புள்ளைன்னா தழும்பு ஆகிருமேன்னு பெத்தவங்களும் அவசரப்படறாங்க.

திருப்பூர் குழந்தை மருத்துவர்

வரிசை மாறக் கூடாது. கழுவுதல், பிறகு சீரம், அதற்குப் பிறகுதான் தையல். சீரம் போகாத காயத்தில் ஊசி நூல் இறங்கினால் மேலே இருந்த கிருமியை ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் புது நரம்பு முனைகளில் சேர்க்கிறோம். கை, கால், உடம்பில் உள்ள கடிகளைப் பெரும்பாலும் தைக்காமல் திறந்தே விட்டு ஆற்றுவோம். மூடினால் உள்ளே சீழ் கட்டும். முகத்துக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தொற்று குறைவு, தழும்பும் கணக்கில் வருகிறது. அதனால் சீரம் முழுக்கப் போட்டு, சில மணி நேரம் விட்டு, தளர்வாகக் கொஞ்சம் தையல் போடலாம். உதடு, கண் இமை என்றால் பிளாஸ்டிக் சர்ஜன் பார்ப்பது நல்லது. சில மணி நேரத் தாமதத்தால் தழும்பு பெரிதாகிவிடாது.

சின்னக் குழந்தைக்கு முகத்தில் சீரம் போட மயக்க மருந்து தேவைப்படலாம். அதற்குப் பயந்து "கையில் மட்டும் போடுங்கள்" என்று கேட்காதீர்கள்.

டெட்டனஸ் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒன்றரை வயது, 5 வயது, 10 வயது, 16 வயது ஊசிகள் சரியாகப் போயிருக்கிறதா என்று அட்டையைக் கொண்டு வாருங்கள். அட்டை இருந்தால் தேவையில்லாத ஒரு குத்து மிச்சமாகும்.

காங்கயம் கால்நடை மருத்துவர்

"ஊட்டு நாய்தானே, 10 நாள் பாத்துட்டு ஊசி போடலாம்" என்பதைத்தான் அதிகம் கேட்கிறோம். 10 நாள் பார்ப்பது உண்மைதான், ஆனால் குழந்தைக்கு ஊசி ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும். நாயின் எச்சிலில் கிருமி வர ஆரம்பித்தால் அது 10 நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு. 10 நாளும் நன்றாகத் தின்று, குரைத்து, நடமாடினால் கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை. அதற்குள் 0, 3, 7 ஆகிய நாட்களில் போடும் மூன்று தவணை ஊசி முடிந்திருக்கும். 28ஆம் நாள் ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்கு, கீரி, நரிக்குப் பொருந்தாது.

நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொன்னால் அட்டையைக் கேளுங்கள். 3 மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். போன வருஷம் விட்டுப்போயிருந்தால் அதைப் போட்ட கணக்கில் வைக்காதீர்கள். குட்டிதானே என்றும் விடக் கூடாது. குட்டிகளுக்கும் வெறி வரும், பசங்க மடியில் தூக்கிக் கொஞ்சுவது அவற்றைத்தான்.

வெறி பிடித்த நாய் என்றாலே துரத்தித் துரத்திக் கடிக்கும் என்று நினைக்கிறோம். இன்னொரு வகை உண்டு. தாடை தொங்கிவிடும், எச்சில் வடியும், இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும், குரல் கம்மிப் போகும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்துப் பசங்க வாய்க்குள் கையை விடுவார்கள். மாட்டுக்கும் அதே கதி. கட்டுத்தறியில் மாடு விடாமல் கத்தி, எச்சில் வடித்து, தண்ணி குடிக்க முடியாமல் திணறினால் கையை விட்டுப் பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். அந்த மாட்டுப் பாலைக் காய்ச்சிக் குடித்த குழந்தைக்கு ஊசி தேவையில்லை. எச்சில் பட்ட கையில் காயம் இருந்தால் தேவை.

கடித்த நாயை அடித்துக் கொல்வது எதற்கும் உதவாது. கட்டிவைத்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். தலையை நொறுக்கிவிட்டால் மூளையைப் பரிசோதிக்கவும் முடியாது.

ஜூலை 6 விலங்குவழி நோய் நாள். அன்று பல கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவச ஊசி உண்டு. 1885இல் அதே ஜூலை 6இல்தான் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வெறிநாய்க்கடிக்கான ஊசியை முதன்முதலாகப் போட்டார். போட்டுக்கொண்டது 9 வயதுப் பையன். பள்ளிக்கூடத்தில் அந்த நாளில் பசங்களிடம் இதைச் சொல்லலாம், டீச்சர்.

கோபி மருந்தகம்

தடுப்பூசித் தேதியில குழப்பம் வராம இருக்க ஒண்ணு சொல்றேனுங்க. 0ஆம் நாள்னா கடிச்ச நாள்னு எண்ணாதீங்க, முதல் ஊசி போட்ட நாள். திங்கக்கிழமை முதல் ஊசின்னா 3ஆம் நாள் வியாழன், 7ஆம் நாள் அடுத்த திங்கள், 28ஆம் நாளும் திங்கள். அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடறது, ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் 0.1 மில்லி. தனியார்ல தசையில போடறதுன்னா 0, 3, 7, 14, 28, அஞ்சு ஊசி. ரெண்டும் ஒரே பலன்தான். பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் தடுப்பூசி அளவு ஒண்ணே, எடைக்கணக்கு சீரத்துக்கு மட்டும். 2 வயசுக்குள்ள இருந்தா தொடையோட முன் வெளிப்பக்கம். பிட்டத்துல போடவே கூடாது, அங்க கொழுப்புல தங்கிப் பலன் குறைஞ்சிரும்.

தோலுக்குள்ள சரியாப் போயிருந்தா அந்த இடத்துல ஆரஞ்சுத்தோல் மாதிரி புள்ளிப்புள்ளியா ஒரு சின்னப் புடைப்பு எழும்பும். எழும்பலைன்னா ஆழத்துக்குப் போயிருச்சுன்னு அர்த்தம், பக்கத்துல திரும்பப் போடச் சொல்லிக் கேக்கலாம். குழந்தை துள்ளறப்ப இது நடக்கும், அதனால கையை நல்லாப் பிடிச்சுக்குங்க.

தடுப்பூசிய எங்ககிட்ட வாங்கி வண்டி டேங்க் கவர்ல வெச்சு வேற ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறாங்க. 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய மருந்து அது. சித்திரை வெயில்ல ஒரு மணி நேரம் போனா கெட்டுப்போறதுக்கு வாய்ப்பிருக்குது, வெளிய பாத்தா எதுவும் தெரியாது. ஊசி போடற இடத்துலயே மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பத்தியம் ஒண்ணும் கிடையாது. கறி, முட்டை, கத்திரிக்கா, எண்ணெய் எல்லாம் சாப்பிடலாம். தண்ணி வாத்து விடலாம். பழைய காலத்துல தொப்புளச் சுத்திப் போட்ட 14 ஊசி, ஆட்டு மூளையில இருந்து எடுத்தது, 2004ஓட நம்ம நாட்டுல நின்னு போச்சு. அந்தப் பயத்துல இன்னமும் ஊசிக்கு ஒளியறவங்க இருக்காங்க.

கடிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வர்றவங்களுக்கு: வழக்கமா எழுதறது அமாக்சிசிலின் கிளாவுலனேட், 3ல இருந்து 5 நாள். கையில கடி, மூஞ்சியில கடி, ஆழமான ஓட்டை, பூனைக்கடி இதுக்கெல்லாம் டாக்டர் எழுதுவாங்க, மேலோட்டமான கீறலுக்கு வேண்டாம். ஊட்ல மிச்சமிருந்த செபலெக்சின், எரித்ரோமைசின் குடுத்துட்டு இருந்தா நாய், பூனை வாயில இருக்கற பாஸ்சுரெல்லாக் கிருமிக்கு அது சரியாக் கேக்காது. பொடியா வர்ற சிரப்பு பாட்டில்னா காய்ச்சி ஆற வெச்ச தண்ணிய அம்புக்குறி வரைக்கும் ஊத்திக் குலுக்கி, பிரிட்ஜ்ல வெச்சு, 7 நாளுக்கு மேல மிச்சத்த ஊத்திருங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லுங்க.

வலிக்குப் பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 225 மில்லிகிராம். 5 மில்லியில 250 இருக்கற சிரப்புன்னா 4.5 மில்லி. 5 மில்லியில 120, 125 இருக்கற பாட்டிலும் விக்குது, அதனால லேபிளப் படிக்காம மூடிக்கணக்குல ஊத்தாதீங்க.

அவினாசி டீச்சர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பூனைக்கடி, எலிக்கடி, குரங்கு? அப்புறம் பசங்களே கடிச்சுக்கறது. அங்கன்வாடியில இது தினப்படி.

திருப்பூர் குழந்தை மருத்துவர்

பூனைப் பல் ஊசி போன்றது. வெளியே புள்ளி, உள்ளே மூட்டு வரை போயிருக்கும். நாய்க்கடியைவிடப் பூனைக்கடியில் சீழ் பிடிப்பது அதிகம், அதுவும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே. விரலை நீட்டினால் வலி, விரல் முழுக்கத் தடிப்பு, சிவப்புக் கோடு கை மேலே ஏறுவது, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். வெறிநோய்க்கு நாய் போலவே பூனைக்கும் சிகிச்சை.

குரங்குக்கடிக்கும் முழுச் சிகிச்சை. மருதமலை, ஆழியாறு, வால்பாறைப் பக்கம் சுற்றுலா போகும் பள்ளிகள் பசங்க கையில் தின்பண்டப் பையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. வீட்டு எலி, அணில் கடிக்கு வழக்கமாக வெறிநோய் ஊசி தேவைப்படாது. ஆனால் எலி கடித்த சில நாள் கழித்து, காயம் ஆறியபிறகுகூட, காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தால் அது எலிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம். "எலி கடிச்சிருந்துச்சு" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகவே பார்ப்பார்கள்.

குழந்தை குழந்தையைக் கடித்தால் வெறிநாய் ஊசி வேண்டாம். தோல் கிழியவில்லை என்றால் கழுவி, ஈரத்துணி வைத்தால் போதும். கிழிந்திருந்தால் சோப்புக் கழுவல், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி அட்டை மூன்றையும் பார்க்க வேண்டும். கைக்கடி என்றால் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும். மனித வாயிலுள்ள கிருமிகளும் லேசானவை இல்லை. பேசும்போது தயக்கமாக இருந்தாலும் இதையும் எழுத வேண்டும்: கடித்த தடத்தில் இரண்டு கோரைப்பல் குறிகளுக்கும் இடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது சின்னக் குழந்தையின் வாய் இல்லை. அப்படித் தடம் கண்டால், அதுவும் முதுகு, தொடை, மார்பில் கண்டால், அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி அவசர ஊர்தி

பாம்பு. இங்க ஒரு விசயத்துல நாய்க்கடிக்கு நேர்மாறு. கழுவிட்டு நிக்க வேண்டாம், கடிவாயையே தொட வேண்டாம். கீறறது, உறியறது, ஐஸ் வெக்கறது, பச்சிலை அரைக்கறது எதுவும் கூடாது. மந்திரிக்கப் போற நேரத்துல விஷம் ஏறிட்டுத்தான் இருக்கும்.

குழந்தைய நடக்க விடாதீங்க, தூக்கிக்குங்க. கொலுசு, வளையல், அரைஞாண் கயிறு, இறுக்கமான காலுறை எல்லாம் உடனே கழட்டுங்க, வீங்கினதுக்கப்புறம் கழட்ட வராது. கடிபட்ட கை காலுக்கு அடிஸ்கேலோ மூங்கில் குச்சியோ ரெண்டு பக்கம் வெச்சு, துண்டால அசையாத அளவுக்குக் கட்டுங்க. ஒரு விரல் உள்ள போகற லூசு இருக்கணும். கயித்துல இறுக்கிக் கட்டறது தப்பு, சதை அழுகிரும். வர்றப்பவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தா வழியில அவுக்காதீங்க. ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து தயாரா வெச்சுட்டுத்தான் அவுக்கணும். வாந்தி எடுத்தா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ரெண்டு சக்கர வண்டியில போறதுன்னா குழந்தை நடுவுல, பின்னால ஒருத்தர் அணைச்சுப் பிடிச்சுக்கணும்.

பாம்ப அடிச்சு எடுத்துட்டு வர வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

திருப்பூர் குழந்தை மருத்துவர்

அதில் இரண்டு குறிப்பு. குழந்தைக்கு விஷமுறிவு மருந்தைக் குறைக்கக் கூடாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை, அதனால் பெரியவர்களுக்கு உள்ள அதே 10 குப்பிதான் தொடக்கம். குறைவது கலக்கும் சலைன் அளவு மட்டும், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது. முதல் தடவை உறைந்தாலும் 24 மணி நேரம் படுக்கையில் வைத்துத்தான் பார்ப்போம். "நல்லாத்தானே இருக்கான்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள்.

கட்டுவிரியன் ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் தெரியாது. சாளையில் தரையில் படுத்துத் தூங்கிய குழந்தை விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் அஜீரணம் என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மூச்சு நின்றுபோகும் முன் செயற்கை சுவாசக் கருவி உள்ள இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வால்பாறை, ஆனைமலைத் தோட்டங்களில் உள்ள குழிவிரியன் வகைகளுக்கு நம் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. ரத்த உறைவையும் சிறுநீரகத்தையும் பார்த்துக் காப்பதுதான் வழி, அதனால் அங்கேயும் மருத்துவமனைதான்.

ஈரோடு செவிலி

டீச்சர், வடக்கத்திக்காரங்க பிள்ளைகளும் உங்ககிட்ட இருந்தா ஒண்ணு எழுதிக்குங்க. ஊசி நடுவுல இருக்கறப்பவே நோம்பிக்கோ வேலை மாறியோ ஊருக்குப் போயிருவாங்க. ஊசிச் சீட்டுல முதல் ஊசித் தேதி, தோலுக்குள்ளயா தசையிலயா, சீரம் போட்டாச்சா, குழந்தை எடை இது நாலும் இருக்கான்னு பாருங்க. செல்போன்ல படம் எடுத்து அம்மா அப்பா ரெண்டு பேர் போன்லயும் போட்டுருங்க. அந்தச் சீட்டக் காட்டி எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலயும் மீதியத் தொடரலாம்.

அவினாசி டீச்சர்

7ஆம் நாள் ஊசிய விட்டுட்டு 11ஆம் நாள் வந்தா? முதல்ல இருந்து போடணுமுங்களா?

கோபி மருந்தகம்

வேண்டியதில்லீங்க. வந்த அன்னிக்கே 7ஆம் நாள் ஊசியப் போட்டுட்டு, கடைசி ஊசிக்கு இருந்த இடைவெளி 3 வாரத்த அப்படியே வெச்சுத் தேதி குடுப்பாங்க.

திருப்பூர் குழந்தை மருத்துவர்

ஆமாம். கடித்து ஒரு மாதம் கழித்துத்தான் குழந்தை வாய் திறந்து சொல்கிறது என்றாலும் அன்றைக்குக் கடித்த கணக்கில்தான் எடுத்துக்கொள்வோம், சீரம் உட்பட. நோய் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் தாமதமாகிவிட்டது என்று திருப்பி அனுப்புவதில்லை. முன்பே முழுத் தவணை முடித்த குழந்தையை மறுபடி கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். அதற்குத்தான் பழைய சீட்டை எடுத்து வைக்கச் சொல்வது.